ஆளுக்கு இரண்டு

டென்னிஸ் மைதானத்துக்கும் டயர் கடைக்கும் நடுவே
நகராட்சிக் குளம்.
கோடையில் கரையில் நின்று வாத்துக்கு ரொட்டி எறிவோம்.
இன்று அதன் முதுகில் ஏறி நடக்கிறோம்.
பின்னால் இழுபடும் சறுக்குப்பலகையில்
மூன்று வாளி, ஒரு ஹீட்டர், ஓடா.
ஓடாவுக்கு ஒன்பது மாதம்.
கம்பளிச் சுருளுக்கு வெளியே மூக்கு மட்டும்.

ஆளுக்கு இரண்டு மீன் என்கிறது அறிவிப்புப் பலகை.
எத்தனை வயதில் ஒருவர் ஆள் ஆகிறார் என்று
அதில் எழுதவில்லை.
வெர்ல் இரண்டு தடவை படித்தான்.
டிசம்பரில் குவாரியை மூடியதிலிருந்து
எதையும் அவன் இரண்டு தடவைதான் படிக்கிறான்,
பால் டப்பாவின் விலையைக்கூட.
ஐந்து பேர், பத்து மீன்.
கணக்கை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நானும்.

துளைப்பான் பக்கத்து வீட்டு லோரின் கொடுத்தது.
முனை மழுங்கிவிட்டது, மன்னித்துக்கொள் என்றார்.
மழுங்கித்தான் இருந்தது.
நாலு விரல், ஆறு விரல், ஒரு ஜாண்,
வெர்லின் தாடியில் வியர்வை உறைந்து வெள்ளையாகும்வரை
வெள்ளைத் தூள்,
மேலும் வெள்ளைத் தூள்.
பிறகு சட்டென்று கை இலகுவானது.
குளம் வாய் கொப்பளித்தது போல்
கறுப்பாகத் தண்ணீர்.

டாம்சென் என் சூப் கரண்டியால்
துளையில் மிதந்த கூழை அள்ளிப் போட்டாள்.
பதினொரு வயது. தன்னை யாரும் பார்க்கிறார்களா என்று
டயர் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே அள்ளினாள்.
பிரெக்கன் இரைக்கென்று வாங்கிய டின் சோளத்தில்
கொக்கிக்கு ஒன்று, தனக்கு இரண்டு.
அடியில் எங்கோ பனிப்பாளம் நீளமாக முனகியது.
எனக்கு வயிறு கலங்கியது.
குளம் ஏப்பம் விடுது என்றான் அவன்.

ஒன்பதரை மணிவரை ஒன்றுமில்லை.
முழ நீளத் தூண்டில்கள்,
ஊசிபோல் துடிக்காத நுனிகள்.
பிறகு ஒரே நேரத்தில் எல்லாம்.

செவ்வாய்க்கிழமை லாரியில் வந்து இறங்கிய ட்ரவுட்கள்.
சிமெண்ட் தொட்டியில் உரசி உரசித்
துடுப்பு ஓரம் தேய்ந்தவை.
குளம் அவற்றுக்கும் புதுசு.
மணி அடித்தால் சாப்பாடு வரும் என்று பழகியிருக்கும்;
துளைக்குக் கீழே அப்படித்தான் வந்து நின்றன.
இழுக்க இழுக்க
கை கூசாமல் நான் எண்ணினேன்.
ஆறு. ஏழு.
பனிமேல் விழுந்ததும் இரண்டு துள்ளல்,
பிறகு மேலே சர்க்கரை பூசியது போல் விறைத்துக் கிடந்தன.
ஒன்பது.

பத்தாவது பிரெக்கனின் நூலில் வந்தது.
மற்றவற்றைவிடச் சின்னது. கன்னத்தில் சிவப்புக் கோடு.
கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பிடித்தான்.
நாங்கள் வாளியை நகர்த்துவதற்குள்
துளைக்குள் விட்டுவிட்டான்.
கையுறையும் கூடவே போய்விட்டது.

வெர்ல் எழுந்தான்.
அவன் கழுத்து நரம்பு எனக்குத் தெரியும்.
அந்த நேரம் பார்த்து
மீன்வளத் துறைப் பெண் வந்து நின்றாள்.
சட்டையில் ஃபினாவ் என்று பெயர்ப்பட்டை.
கிடந்ததை எண்ணினாள். எங்களை எண்ணினாள்.
பிறகு சறுக்குப்பலகையைப் பார்த்தாள்.
நான் கம்பளியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே என்றாள்.

அது ஓடாவோடது, பிரெக்கன் சொன்னான்.
அவதான் விடச் சொன்னா.

ஓடாவுக்கு இன்னும் அம்மாவே வாயில் வரவில்லை.
ஃபினாவ் அவளை நெடுநேரம் பார்த்தாள்,
சாட்சியை விசாரிப்பது போல.
பிறகு குறிப்பேட்டை மூடிக்கொண்டு
அடுத்த துளைக்கு நடந்தாள்.
அவள் பூட்ஸ் சத்தம் நொறுநொறுவென்று தேய்ந்து போனது.

வெர்ல் உட்கார்ந்தான்.
மகனின் வெறுங்கையை எடுத்துத்
தன் கோட்டுக்குள், அக்குளில் வைத்துக்கொண்டான்.
திட்டவில்லை.
சோளம் மிச்சம் இருக்கா என்று கேட்டான்.
இல்லை.

துளைமேல் அதற்குள்
பாலாடை போல் மெல்லிசாக ஒன்று படிந்திருந்தது.
டாம்சென் கரண்டியை எடுத்தாள்,
யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல்.